கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும்: கொங்கு நாட்டுக் கொறங்காட்டின் வரலாறு

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், அரவக்குறிச்சி ஆகிய ஊர்களைச் சுற்றிக் கிடக்கும் புன்செய்ப் பரப்பில், உழவுக்கு விடாமல் கால்நடை மேய்ச்சலுக்கென்றே உயிர்வேலி கட்டிப் பாதுகாக்கப்படும் பட்டா நிலத்தைக் கொறங்காடு என்பர். கொங்கு வழக்கில் காடு என்பது மானாவாரி நிலத்தைக் குறிக்கும், வனத்தைக் குறிப்பதன்று. இந்தியாவின் பெரும்பகுதியில் மேய்ச்சல் நிலம் என்றால் ஊர்ப் பொதுநிலமாகவோ, புறம்போக்காகவோ, அரசின் வனமாகவோ இருப்பதே வழக்கமாயிருக்க, இங்கு தனி உடைமையாக, தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரிக்கப்பட்டு, விற்கவும் குத்தகைக்கு விடவும் உரிய சொத்தாக மேய்ச்சல் நிலம் நிலைத்து வந்திருக்கிறது. அதைப் பார்ப்பவர் பலர் பயிரிடாமல் போட்டுவைத்த தரிசு என்றே கருதுகின்றனர். ஆனால் செம்மறி எதை விரும்பித் தின்னும், எதை ஒதுக்கும், தின்றபின் எது மிஞ்சும் என்ற நீண்டகால அறிவின் மீது கட்டப்பட்ட ஒரு வேளாண் அமைப்பே கொறங்காடு; அது தானாக வளர்ந்த புல்வெளியன்று.

இப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவம் இங்கே காற்றாக வருகிறதே தவிர மழையாக வருவது குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் அக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் மண்ணிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசியையும் கார்த்திகையையும் ஒட்டிய சில வாரங்களில் பெய்து முடிந்துவிடும். மண்ணோ ஆழமற்ற சரளையும் சுண்ணாம்புக் கற்களும் கலந்த செம்மண். இத்தகைய நிலத்தில் ஆண்டுதோறும் ஏர் ஓட்டிச் சோளமோ கம்போ விதைப்பது வெற்றியைவிடத் தோல்வியையே அதிகம் தருமாதலால், நிலத்தின் ஒரு பகுதியைப் புல்லுக்கு விட்டு அப்புல்லை இறைச்சியாகவும் பாலாகவும் எருவாகவும் இழுவைச் சக்தியாகவும் மாற்றிக்கொள்வது வேளாண் குடிகளுக்கு உறுதியான வழியாயிற்று.

ஆடு வளர்ப்போரைத் தனிக் குடியாகக் காணும் மரபு தமிழில் மிகப் பழையது. கலித்தொகையின் முல்லைக்கலி ஆயர்களைக் கோவினத்தாயர், கோட்டினத்தாயர், புல்லினத்தாயர் எனப் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் அடிப்படையில் வேறுபடுத்திக் காட்டுகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நுந்தா விளக்கு எரிக்க, அதாவது இரவுபகல் அணையாது எரியும் விளக்குக்கு, பெரும்பாலும் 96 ஆடுகளும் சில இடங்களில் 90 ஆடுகளும் கொடையாக அளிக்கப்பட்டு, அவற்றை ஏற்ற மன்றாடிகள் எனும் இடையர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். இந்த ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. மந்தையில் சாவனவற்றுக்கும் மூப்பனவற்றுக்கும் ஈடாகக் குட்டிகள் வந்து சேருமாதலால் எண்ணிக்கை என்றும் குறையாது என்பது அதன் பொருள். சமயக் கொடையின் மொழியில் எழுதப்பட்டிருப்பினும், ஒரு மந்தையை ஆண்டுக் கணக்கில் ஒரே அளவில் வைத்திருக்கும் பொறுப்பு இதில் அடங்கியிருப்பதை வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தின் தாங்குதிறன் அறியாதவர் அத்தகைய பொறுப்பை ஏற்றிருக்க முடியாது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் இறை நீங்கிய நிலங்களோடு ‘கன்றுமேய்பாழ்’ என்ற மேய்ச்சல் நிலமும் எண்ணப்படுகிறது. ஆயினும் அது ஊரின் பொது நிலம். கொறங்காட்டைப்போல் வேலி கட்டிய தனியுடைமையன்று.

வேலி ஏன் வேண்டியதாயிற்று என்பதை அறியச் செம்மறியின் வாயை அறிதல் வேண்டும். செம்மறிக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையா; அவ்விடத்தில் தடித்த ஈறு மட்டுமே உண்டு. கீழ்த்தாடையின் எட்டு முன்பற்கள் அந்த ஈற்றின்மீது அழுந்திப் புல்லைக் கத்தரிக்கின்றன. மேலுதடு நடுவே பிளவுபட்டு இரு பாதியும் தனித்தனியே அசையக்கூடியதாக இருப்பதால், அடர்ந்த தூரின் நடுவிலிருந்து ஒரே ஒரு பசிய இலையைத் தேர்ந்து எடுக்கவும், நிலத்தை ஒட்டி ஒரு விரற்கடைக்கும் குறைவான உயரத்தில் கடிக்கவும் அதனால் இயலும். மாடு நாக்கை நீட்டிப் புல்லை வளைத்துப் பிடித்து இழுப்பதால் உயர்ந்து நிற்கும் புல்லே அதற்கு ஏற்றது. குட்டைப் புல் அதன் நாக்குக்குச் சிக்காது. வெள்ளாடு தலையை நிமிர்த்தித் தழையைத் தேடும். செம்மறி தலையைக் குனிந்தே நடக்கும். ஒரே நிலத்தில் மூன்றும் மேய்ந்தாலும் மூன்றும் தின்பது மூன்று வேறு உணவு.

தேர்வு செய்வதில் செம்மறி கண்டிப்பானது. தண்டைவிட இலையையும், காய்ந்ததைவிடப் பச்சையையும், முற்றியதைவிட இளையதையும், புல்லைவிடப் பயறு வகைக் கொடிகளையும் சிறு பூண்டுகளையும் அது முதலில் நாடும். பிரிட்டனில் ரைப்புல்லையும் வெள்ளைக் குளோவரையும் (பயற்றுக் குடும்பத்தைச் சேர்ந்த தீவனக் கொடி) அருகருகே வளர்த்து 1990களில் நடத்திய ஆய்வுகளில், செம்மறிகள் தம் உணவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைக் குளோவரிலிருந்தே எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் வேளையில் புல்லின் பக்கம் திரும்பியது கண்டறியப்பட்டது. விரும்பியதே கிடைத்தாலும் அதை மட்டும் தின்று நிறைவடையாத இயல்பு அது. கொறங்காட்டில் நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் குளோவரின் இடத்தில் உள்ளன. மழை பெய்த சில வாரங்களில் மந்தை அவற்றைத் தேடித் தின்றுவிட்டு, அதன்பின் கொழுக்கட்டைப் புல்லின் இளந்தாளுக்கு வரும். தன் புழுக்கை பட்ட இடத்துப் புல்லை அது பெரும்பாலும் தொடுவதில்லை. ஊசிப்புல் கதிர் முற்றியபின் அதன் கூரிய முனை தோலில் தைத்துப் புண்ணாக்குமாதலால் ஆடும் ஆட்டுக்காரரும் ஒருங்கே அதை வெறுப்பர். கொழுஞ்சி, ஆவாரை, எருக்கு போன்றவற்றை மந்தை தாண்டிச் சென்றுவிடும்.

இந்தத் தேர்விலேயே கேடும் ஒளிந்திருக்கிறது. காவலற்ற நிலத்தில் செம்மறி தான் விரும்பிய செடியையே மறுபடி மறுபடி கடிப்பதால், அச்செடி இலை விட்டு வேரில் உணவு சேர்க்க நேரமின்றி மெலிந்து மடியும். வெறுத்த செடியோ போட்டியின்றி விதை பரப்பும். சில ஆண்டுகளில் நல்ல புல் போய், துடைப்பப் புல்லும் கொழுஞ்சியும் ஆவாரையும் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊர்ப்புறத்துப் பொது மேய்ச்சல் தரைகள் பலவற்றில் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடப்பதற்கு, அதை எந்த மந்தையும் தின்னாததும் ஒரு காரணம். அந்த ஆவாரம்பட்டையே சென்னை மாகாணத்தில் ஆட்டுத் தோலைப் பதனிட முதன்மைப் பொருளாக நெடுங்காலம் பயன்பட்டது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

கொழுக்கட்டைப் புல் ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா ஆகியவற்றின் வறண்ட நிலங்களுக்கு உரிய பல்லாண்டுப் புல். அதன் தூரின் அடிப்பகுதி சற்றே பருத்து மாவுச்சத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மேலே எல்லாம் காய்ந்து சருகானபின்னும் முதல் மழைக்கு அந்த அடியிலிருந்தே பச்சை துளிர்க்கும். இளம் பருவத்தில் புரதம் மிகுந்த அதன் இலை, கதிர் முற்றியபின் சத்துக் குறைந்துவிடும். விதை உதிர்ந்தவுடன் முளைக்காமல் சில மாதங்கள் உறங்கிக் கிடந்து அடுத்த மழைக்கே எழும். இவ்வியல்புகளிலிருந்தே கொறங்காட்டின் விதிகள் பிறந்தன. மழை விழுந்தவுடன் மந்தையைத் திறந்துவிட்டால் தூரின் சேமிப்பு தீர்ந்துவிடும். கதிர் வந்து விதை சிந்தும்வரை காத்திருந்தால் நாளைய புல்லுக்கு வித்து கிடைக்கும், ஆனால் இன்றைய புல்லில் சத்துக் குறையும். இவ்விரண்டுக்கும் இடையே நாள் பார்ப்பதே புல்லை ஆளும் கலை. நிலத்தைப் பல காடுகளாகப் பிரித்து வேலியிட்டவர் ஒன்றை மேய்த்துக்கொண்டே மற்றொன்றை ஆறவிடலாம் என்பதால், வேலி என்பது அயலான் ஆட்டைத் தடுக்கும் அரணாக இருந்ததைவிடத் தன் ஆட்டின் விருப்பத்துக்குக் கால எல்லை வகுக்கும் கருவியாகவே அதிகம் பயன்பட்டது.

அந்த வேலி முள்கிளுவையால் ஆனது. கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைகளை, வரிசையாக நட்டால் அவை நீர் ஊற்றாமலே வேர்பிடித்து, ஓராள் உயரத்துக்கு முள் அடர்ந்த சுவராக எழும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைக் கழித்துவிட்டால் அடியிலிருந்து மீண்டும் அடரும்; கழித்த கிளை வேலியின் சந்துகளை அடைக்கவும் புதிய வேலிக்குப் போத்தாகவும் ஆகும். பிரண்டையும் கோவையும் அதன்மேல் படரும். கீரிக்கும் கௌதாரிக்கும் அது புகலிடம். ஆள் நுழைந்து செல்லக் கடவு எனும் குறுகிய வழி விடுவர். இரு காடுகளின் வேலிகளுக்கு இடையே ஓடும் ஒடுங்கிய பாதைக்கு இட்டேரி என்று பெயர். மந்தையைப் பயிர் நிலத்தில் படாமல் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்கும் கிணற்றடிக்கும் ஓட்டிச் செல்ல இட்டேரிகளே உதவின. வேலி அடைத்த காட்டில் மேய்ப்பவர் நாள்முழுதும் உடனிருக்கத் தேவையில்லை என்பதால், ஒரே குடும்பம் உழவையும் கால்நடையையும் சேர்த்து நடத்த இயன்றது. கொங்குச் சிற்றூர்கள் ஒரே இடத்தில் நெருங்கி அமையாமல் அவரவர் காட்டுக்குள் தோட்டத்து வீடுகளாகப் பரந்து கிடப்பதற்கும் இவ்வமைப்புக்கும் உள்ள பொருத்தம் தெளிவானது.

புல்லுக்கும் வேலிக்கும் அடுத்த மூன்றாவது அங்கம் வெள்வேல மரம். சிற்றிலைகளைக் கொண்ட அதன் நிழல் மெல்லியதாதலால் அடியில் புல் செத்துப்போவதில்லை. உச்சிவெயிலில் தலையைத் தாழ்த்தி ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் செம்மறிகளுக்கு அந்த நிழல் போதும். கோடையில், புல் முழுவதும் சருகாகிய பருவத்தில், வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குப் புரதம் மிகுந்த தீனியாகிறது. காய்க்குள் உள்ள கடினமான விதை ஆட்டின் வயிற்றைக் கடந்து புழுக்கையோடு வெளிவந்து மழைக்கு முளைப்பதால், மரம் நடும் வேலையையும் மந்தையே செய்துவிடுகிறது. தானே முளைத்தவற்றுள் வேண்டியதை மட்டும் நிறுத்திப் பக்கக் கிளைகளைக் கழித்து வளர்ப்பது உழவரின் வழக்கம்.

இந்த மூன்று அங்கங்களின் மீது ஆண்டு சுழல்கிறது. ஐப்பசி மழைக்குப்பின் புல் தழைத்துக் கதிர் விடும்வரை சில காடுகளைப் பூட்டிவைத்து, மார்கழி, தை மாதங்களில் விதை சிந்தியபின் அவற்றைத் திறந்து, நின்றபடியே காய்ந்த புல்லைப் பங்குனி வரை மேய்த்து, பிறகு உதிர்ந்த காயையும் சேமித்து வைத்த சோளத்தட்டையும் கொண்டு கோடையைக் கடத்துவர். மாடுகள் உயர்ந்த புல்லை மேய்ந்தபின் செம்மறிகள் அடிப்புல்லையும் பூண்டுகளையும் மேயுமாதலால் இரண்டையும் கலந்து வளர்ப்பது நிலத்தைச் சீராகப் பயன்படுத்தும் வழி. ஆடுகளை இரவில் பட்டியில் அடைத்து, பட்டியை இடம் மாற்றி மாற்றி வைப்பதால் எரு பரவலாக விழும். புல் தளர்ந்து மண் இறுகிவிட்ட காட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்துவிட்டு மீண்டும் புல்லுக்கு விடுவர். மண்ணில் உறங்கும் கொழுக்கட்டை விதை அடுத்த மழையில் எழுந்துகொள்ளும். இந்நிலத்துக்கு ஏற்ற ஆட்டினங்களாக, கம்பளியற்ற மயிரும் தரமான தோலும் கொண்ட மேச்சேரி ஆடும், முரட்டுக் கம்பளி தரும் கோயமுத்தூர்க் குறும்பை ஆடும் இப்பகுதியில் உருப்பெற்றன.

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் கோயமுத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டே பிரான்சிஸ் புக்கானன் இவ்வழியே பயணம் செய்து மண், பயிர், கால்நடை பற்றிய செய்திகளைத் திரட்டினார். அவரது நூல் 1807இல் வெளிவந்தது. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலும் அளக்கப்பட்டு ஒவ்வொரு குடியின் பெயரிலும் பட்டா எழுதப்பட்டபோது, வேலியடைத்த மேய்ச்சல் காடும் தனி உடைமையாகக் கணக்கில் ஏறியது. தொடக்கக் காலத்தில் புல்லுக்கு விடும் நிலத்துக்கு உழவு நிலத்தினும் குறைந்த தீர்வை விதிக்கும் வழக்கம் இம்மாவட்டத்தில் இருந்தது; பிற்காலத்து நிலவரித் திட்டத்தில் விளைவதைப் பாராமல் மண்ணின் வகையே தீர்வைக்கு அடிப்படையாகிவிட்டது. அப்படியிருந்தும் குடிகள் புல்லைக் கைவிடவில்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வனங்களில் மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு விதித்தபின், சொந்தமாகப் புல் வைத்திருப்பவரின் நிலை முன்னிலும் வலுவாயிற்று என்று கொள்வதில் தவறில்லை.

அக்காலத்து ஆட்சியாளரின் கண் பெரிதும் காங்கயம் மாட்டின் மீதே இருந்தது. 1909இல் வெளியான கன் என்பவரின் தென்னிந்திய மாடுகள் பற்றிய நூலும், 1936இல் வெளியான லிட்டில்வுட் என்பவரின் தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலும் காங்கயம் இனத்தைச் சிறப்பாகப் பேசின. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தை அவ்வினத்தின் தூய்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. மாட்டின் கட்டுடலைப் போற்றியவர்கள் அம்மாட்டுடன் அதே காட்டில் மேய்ந்த செம்மறியைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினர். சிறு குடிகளுக்கு அவசரச் செலவுக்குக் கைகொடுத்தது ஆடுதான் என்பதால், இக்குறை வரலாற்றுப் பதிவில் நேர்ந்த பெருங்குறையாகும். வேலி எல்லோருக்கும் நன்மை செய்யவில்லை என்பதையும் மறைக்கலாகாது. காடு உடையவர் வேலிக்குள் புல்லைச் சேமித்தபோது, நிலமற்றவரின் ஆடுகள் புறம்போக்கிலும் குளக்கரையிலும் சாலையோரத்திலும் மிஞ்சியதையே மேய்ந்தன. அவர்களுள் சிலர் ஆண்டுக் குத்தகைக்குக் காடு பிடித்து மந்தை வளர்த்தனர், பலர் பிறர் மந்தைக்கு ஆளாகவே இருந்தனர்.

கொழுக்கட்டைப் புல்லின் வெளிநாட்டு வரலாறு, கொறங்காட்டின் அருமையை வேறொரு வகையில் உணர்த்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்கு ஒட்டகங்களோடு வந்தவர்களின் சேணத் திணிப்பில் ஒட்டிக்கொண்டு அங்கே சென்றதாகக் கருதப்படும் இப்புல், பின்னர் மேய்ச்சலுக்காகத் திட்டமிட்டும் விதைக்கப்பட்டது. அமெரிக்காவின் டெக்சஸிலும் மெக்சிகோவிலும் இருபதாம் நூற்றாண்டில் பரப்பப்பட்டது. இன்று ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும் சொனோரா பாலைவனத்திலும் அது கட்டுக்கடங்காத களை. தீயறியாத அந்தச் சொனோரா பாலைவனத்தில் காய்ந்த தூர்களால் தீயைக் கொண்டுவந்து, சகுவாரோ எனும் பெருங்கள்ளியையும் எரித்தழிக்கிறது. புல் ஒன்றே, ஆனால் மேய்ச்சலின் அளவும் வேலியும் ஓய்வும் உழவும் சேர்ந்து அதைக் கட்டி வைத்த முறை அங்கே உடன் செல்லவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. 1950களில் கீழ்பவானி, அமராவதி அணைகளும் அடுத்துப் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமும் பாசனத்தைக் கொண்டுவந்தன. மின்மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் மேட்டுக்காட்டையும் தென்னந்தோப்பாக்கின. டிராக்டர் வந்தபின் காங்கயம் காளைக்குத் தேவை குறைந்து, மாடும் செம்மறியும் கலந்து மேயும் ஒழுங்கு பல காடுகளில் குலைந்தது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் இளையோரை அழைத்துக்கொண்டது. சீமைக் கருவேலம் வெள்வேலத்தின் இடத்தைப் பிடித்துத் தன் அடர்ந்த நிழலால் புல்லை ஒழித்தது. காற்றாலைகளும் மனைப்பிரிவுகளும் காட்டின் விலையைப் புல்லால் ஈட்டவே முடியாத உயரத்துக்கு ஏற்றின. இட்டேரிகள் தார்ச்சாலைகளாக அகன்றபோது இருபுறக் கிளுவையும் வேரோடு போயிற்று. அண்மை ஆண்டுகளில் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது பெருந்துயராகி, உழவர்கள் இறந்த ஆடுகளோடு வீதிக்கு வந்து இழப்பீடு கேட்கும் நிலை ஏற்பட்டது. காவலாள் இல்லாமலே மந்தையைக் காட்டில் விடலாம் என்பதே கொறங்காட்டின் பொருளாதார அடித்தளமாதலால், இவ்விடரை ஆட்டின் விலையால் மட்டும் அளப்பது போதாது. இரவுக் காவலுக்கு ஆள் வைத்தும் கம்பிவேலி போட்டும் ஆடு வளர்ப்பவரிடம் மிஞ்சும் வருவாய் சிறிதே.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நீலக்கொழுக்கட்டைப் புல்லில் கோ 1 என்ற வகையை வெளியிட்டிருக்கிறது. மேச்சேரி ஆட்டுக்கெனப் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. விதைக்கும் ஆட்டுக்கும் கிடைத்த இந்தக் கவனம் அவ்விரண்டையும் இணைத்த நிலத்துக்குக் கிடைக்கவில்லை. இந்திய நிலப்பயன்பாட்டுக் கணக்கின் ஒன்பது வகைப்பாட்டில் நிரந்தர மேய்ச்சல் நிலம் என்ற வகை இருந்தாலும், தனியார் பட்டாவில் உள்ள கொறங்காடு பயிரிடப்படாத ஆண்டுகளில் தரிசு என்ற தலைப்பின்கீழேயே விழுந்துவிடுகிறது. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்துக்கு வறட்சி நிவாரணமோ பயிர்க்கடனோ கேட்கும்போது உழவர் காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. அதைத் தொழிற்சாலைக்கோ மின்நிலையத்துக்கோ மாற்றும்போது எதுவும் இழக்கப்பட்டதாகக் கணக்கும் காட்டுவதில்லை. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் கொழுக்கட்டைப் புல்லை ஒரு பயிராகவும், கொறங்காட்டை ஒரு நிலப்பயனாகவும், கிளுவை வேலியையும் வெள்வேல மரத்தையும் அதன் உறுப்புகளாகவும் பதிவு செய்ய வருவாய்த் துறை முன்வர வேண்டும். எஞ்சியுள்ள காடுகளின் பரப்பை ஊர்வாரியாக அளந்து வெளியிடுவதே அதற்கான முதல் வேலை.